ஆறு பந்தில் ஒரு பொடியன்

2022 ஜனவரி 27. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. 'குரூப் ஸ்டடி' என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆறு பேர் ஒரு கூட்டாளியின் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தோம். நடுவில் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த ஒரு ஃபோன். அதில் அன்டிகுவாவில் நடக்கும் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் காலிறுதி. இலங்கையும் ஆப்கானிஸ்தானும். அரசியல் விஞ்ஞான நோட்ஸ் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது, காற்றுக்குத் தானாகப் பக்கம் புரட்டிக்கொண்டு.

ஆப்கானிஸ்தான் 134 ஓட்டங்களுக்குச் சுருண்டது. எங்கள் வினுஜ ரன்புல் 10 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். "முடிஞ்சுது மச்சான், செமி ஃபைனல்" என்று ஒருவன் எழும்பித் தேத்தண்ணி போடப் போனான். அவன் கோப்பைகளோடு திரும்பி வருவதற்குள் விக்கெட்டுகள் விழத் தொடங்கிவிட்டன. 43 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். பிறகு அணித்தலைவர் துனித் வெல்லாலகேயும் ரவீன் டி சில்வாவும் சேர்ந்து 69 ஓட்டங்கள் சேர்த்தார்கள். அந்த இணை பிரிந்ததும் மறுபடி சரிவு. 46 ஓவரில் 130க்கு எல்லாரும் அவுட். நான்கு ஓட்டத்தால் தோல்வி. நான்கு ஓவர் மிச்சம். நான்கு பேர் ரன் அவுட்.

அந்த நான்கு ரன் அவுட்டையும் நாங்கள் விடியும்வரை பேசினோம். யார் கூப்பிட்டது, யார் நின்றது, யார் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "இவனுகளுக்கு ஓடவே தெரியாது." "அவன எடுத்ததே பிழை, எந்தப் பாடசாலையோ தெரியாதா?" வெல்லாலகேயையும் விடவில்லை. 34 அடித்து 3 விக்கெட்டும் எடுத்தவனை, "கெப்டன் கடைசி வரைக்கும் நிக்கணும்" என்று சுலபமாகச் சொல்லி முடித்தோம். அதே தொடரில் ஸ்கொட்லாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் எதிராக ஐந்து ஐந்து விக்கெட் எடுத்தவன் அவன். தொடர் முடியும்போது 17 விக்கெட்டுகளுடன் எல்லா நாட்டுப் பந்துவீச்சாளர்களுக்கும் மேலே நின்றவனும் அவன்தான். அடுத்த கிழமையே தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சதமும் அடித்தான். ஆனால் அந்த விடியலில் எங்களுக்கு அது எதுவுமே கணக்கில்லை.

கவனித்தால், எங்கள் ஆறு பேருக்கும் அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. வெல்லாலகேக்குப் பத்தொன்பது முடிந்து மூன்று கிழமை கூட ஆகவில்லை. எங்கள் வயதுப் பிள்ளைகளைத்தான், ஏதோ முப்பது வருஷம் விளையாடிய ஆட்களைப் போல விசாரித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பரீட்சை பதினொரு நாளில். அவர்களுக்கு அன்றைக்கே.

*

புத்தளம் கரையில் கிரிக்கெட் பேச்சு என்பது ஒரு தனி நேரம். அஸருக்குப் பிறகு களப்புப் பக்கம் காற்று எழும்பும். மென்பந்து அந்தக் காற்றில் எங்கே போகும் என்று போடுகிறவனுக்கே தெரியாது. கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்றுதான் எங்கள் பந்தையும் ஸ்விங் ஆக்கும். மஃரிப் வரைக்கும் விளையாட்டு, பிறகு டீக்கடை. உடப்பிலிருந்து வருகிற கூட்டாளி கோயில் திருவிழாக் காலம் தவிர மற்ற நாள் எல்லாம் ஆஜர். கடை நானாவுக்கு ஃபுட்போல்தான் உயிர். எங்கள் ஊரே அடிப்படையில் ஃபுட்போல் ஊர்தான். "நீங்க இந்தப் பலகத் துண்டக் கட்டிட்டு அழுங்க" என்பார். ஆனால் மெட்ச் நடந்தால் டீவியை எங்கள் பக்கம் திருப்பி வைப்பதும் அவர்தான்.

ஜூனியர் அணியைப் பற்றி அந்த மேசையில் அவ்வளவு சூடாகப் பேசுவது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறோம். பெரிய அணிக்குள் யார் வருவார், யார் போவார் என்பது எங்களுக்கு எட்டாத விஷயம். ஆனால் 19 வயதுக்குட்பட்ட அணியில் இருப்பவன் இன்னும் ஒரு பாடசாலைப் பொடியன். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையின் பெயர் இருக்கும். அந்த இடத்தில் எங்கள் பாடசாலையின் பெயரை ஒரு செக்கனாவது வைத்துப் பார்க்காதவன் எங்களில் யாரும் இல்லை.

அதனால்தான் பெயர்ப் பட்டியல் வந்தால் முதலில் தேடுவது எங்கள் ஆட்களை. பர்வீஸ் மஹ்ரூப் 2004 இளையோர் உலகக் கிண்ணத்தில் அணித்தலைவராக இருந்ததை, அப்போது கைக்குழந்தைகளாக இருந்த நாங்கள், நேரில் பார்த்த மாதிரிப் பேசுவோம். 2024 டிசம்பரில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ண அணியில் மூன்று தமிழ்ப் பெயர்கள்: சாருஜன் சண்முகநாதன், குகதாஸ் மாதுளன், நியூட்டன் ரஞ்சித்குமார். மாதுளன் யாழ்ப்பாணத்துப் பொடியன். மாலிங்க மாதிரிக் கையைச் சரித்து அவன் போட்ட யோர்க்கர் வீடியோ எல்லா ஃபோனிலும் சுற்றி, கடைசியில் சென்னை சூப்பர் கிங்ஸின் வலைப்பயிற்சி வரைக்கும் அவனைக் கொண்டுபோனது. சாருஜன் சின்ன வயதிலேயே 'குட்டி சங்கா' என்று படம் பரவிய பிள்ளை.

அந்தத் தொடரின் அரையிறுதி, சார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக. 8 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் போன இடத்தில் சாருஜனும் லக்வின் அபேசிங்கவும் நின்று பிடித்தார்கள். லக்வின் 69, சாருஜன் 42. மொத்தம் 173. அதை இந்தியா 22 ஓவருக்குள்ளேயே துரத்தி முடித்தது. வைபவ் சூர்யவன்ஷி என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை 36 பந்தில் 67.

மேசையில் அன்று பெரிய சண்டை. "சாருஜன் கட்டையப் போட்டுட்டான், அதான் ஸ்கோர் வரல்ல" என்று ஒரு கட்சி. "எட்டுக்கு மூணு போன இடத்துல வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்று மறு கட்சி. தமிழ் ஆள் என்றபடியால்தான் குறை சொல்கிறாய் என்று ஒருவன், தமிழ் ஆள் என்றபடியால்தான் பரிந்து பேசுகிறாய் என்று இன்னொருவன். அரைமணி நேரம் போன பிறகு கடை நானா ஒரு கேள்வி கேட்டார்: "மத்தப் பொடியனும் மெதுவாத்தானே அடிச்சான்? அவனப் பத்தி ஏன் ஒருத்தனும் பேசல்ல?"

பதில் இல்லை. லக்வின் நன்றாக ஆடினால் அது லக்வின் ஆடியது. அவன் தடுமாறினாலும் அது அவன் கணக்கு. சாருஜன் ஆடினால் மட்டும் நாங்கள் எல்லாரும் ஆடுகிறோம். அவன் அவுட் ஆனால் எங்களுக்கே மானம் போன மாதிரி. விக்கெட் காப்பாளனாக ஒரு அணியில் விளையாடும் பொடியன் ஒருவனின் தலையில் அவன் கேட்காமலே ஒரு சனத்தின் கனவை ஏற்றி வைத்துவிட்டு, ஏன் வேகமாக ஓடவில்லை என்றும் கேட்கிறோம்.

*

இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் காலமும் கொஞ்சம்தான். உலகக் கிண்ணம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. வயது எல்லை இருக்கிறபடியால் பெரும்பாலான ஆட்களுக்கு ஒரே ஒரு தொடர்தான். ஆறு மெட்ச் கிடைத்தால் அதிர்ஷ்டம். இலங்கை இந்தக் கிண்ணத்தை இதுவரை வென்றதில்லை. 2000ஆம் ஆண்டு கொழும்பில் இறுதிப் போட்டி வரை போய் இந்தியாவிடம் தோற்றதுதான் ஆகப் பெரிய தூரம். 2024இல் மறுபடி எங்கள் நாட்டிலேயே நடக்க இருந்தது. நேரில் போய்ப் பார்க்க நாங்கள் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தோம். 2023 நவம்பரில் இலங்கை கிரிக்கெட்டை ஐசிசி இடைநிறுத்தியது. சில நாட்களில் தொடரே தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்களின் பிரச்சினை ஜனவரி கடைசியில் தீர்ந்து தடையும் நீங்கியது. ஆனால் சொந்த மண்ணில், அம்மா அப்பா பார்க்க விளையாடும் வாய்ப்பு அந்தப் பதினைந்து பிள்ளைகளுக்குத் திரும்பி வராது. அவர்களுக்கு வயது போய்விடும்.

அந்தத் தொடரிலும் நாங்கள் அவர்களை விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

*

எங்கள் ஆறு பேரில் ஒருவன் இடதுகைச் சுழற்பந்து. ஊரில் அவனைப் போல் போட ஆள் இல்லை. பதினாறு வயதில் குருநாகலில் ஒரு தேர்வுக்குப் போனான். விடியக்காலை கற்பிட்டி பஸ்ஸில் ஏறி, பாலாவிச் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து. அதுவரை அவன் கடினபந்தை முழுசாக ஒரு மெட்ச்சில் போட்டதே கைவிரல் எண்ணிக்கைதான். எங்களுக்குக் கிடைத்த மைதானம் அப்படி. போனான், வந்தான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. "எடுக்கல்ல" என்பதோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகு மேசையில் யாருடைய பந்துவீச்சைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவன் வாய் திறப்பதில்லை. தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

2025 செப்டெம்பர் 18. ஆசியக் கிண்ணம், அபுதாபி. மறுபடியும் ஆப்கானிஸ்தான், மறுபடியும் வெல்லாலகே. இந்த மூன்றரை வருஷத்தில் அவன் எங்கேயோ போய்விட்டான். 2022 ஜூனில், நாங்கள் பெட்ரோல் வரிசையில் நின்ற நாட்களில், பெரிய அணிக்கு அறிமுகமாகி அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் 9 விக்கெட். 2023 செப்டெம்பரில் ரோஹித், கில், கோலி, ராகுல், பாண்டியா என்று ஐந்து பேரையும் 40 ஓட்டங்களுக்கு அள்ளி, பிறகு துடுப்பிலும் ஆட்டமிழக்காமல் 42. அன்றைக்கு மட்டும் நாங்கள் "எங்கட பெச்" என்று சொல்லிக்கொண்டோம்.

அபுதாபியில் கடைசி ஓவர் அவன் கையில். முஹம்மத் நபி ஐந்து சிக்ஸர் அடித்தார். ஒரே ஓவரில் 32 ஓட்டங்கள். எங்கள் வட்ஸ்அப் குழு பற்றியெரிந்தது. விடுதியில் இருந்தவன், ஊரில் இருந்தவன், கட்டாருக்குப் போனவன், எல்லாரும். மீம்ஸ், வொய்ஸ் நோட், சிரிப்பு முகங்கள். "பஸ் டிக்கெட் எடுத்துக் குடுங்க இவனுக்கு." "அன்டிகுவாவுலயே சொன்னேன் நான்." இலங்கை மெட்ச்சை வென்ற பிறகும் அது நிற்கவில்லை.

பிறகு செய்தி வந்தது. வெல்லாலகேயின் தந்தை காலமாகிவிட்டார். மெட்ச் முடிந்த பிறகுதான் அவனுக்கே சொல்லியிருக்கிறார்கள்.

குழுவில் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது: 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.' 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.' திரை நிறைய அதுதான். யாரும் யாரிடமும் அழி என்று சொல்லவில்லை. வெல்லாலகே ஊருக்கு வந்துவிட்டு, அணிக்குத் திரும்பினான். இருபத்திரண்டு வயது. எங்களில் இரண்டு பேருக்கும் வாப்பா இல்லை. அவர்கள் அந்தக் கிழமை குழுவில் எதுவும் எழுதவில்லை.

விளையாட்டை விமர்சிக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஐந்து சிக்ஸர் போன ஓவர் மோசமான ஓவர்தான். நான்கு ரன் அவுட் நான்கு பிழைதான். தந்தை இறந்ததால் அந்தப் பந்துகளின் நீளம் மாறிவிடாது. ஆனால் நாங்கள் பந்தைப் பற்றி எப்போது பேசினோம்? நீளம் பிழைத்ததா, காற்றின் பக்கம் போட்டானா, அந்த ஓவரை அவனிடம் கொடுத்தது சரியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் பேசியது ஆளைப் பற்றி.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, டீக்கடையில் எங்கள் இடதுகைக் கூட்டாளியிடம் முதல் தடவையாகக் கேட்டோம். குருநாகலில் என்ன நடந்தது மச்சான்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். ஆறு பந்து தந்தார்கள். முதலாவது கை வியர்த்து ஃபுல் டொஸ். இரண்டாவது காலுக்கு வெளியே. மூன்றாவது சுமார். நான்காவது நல்ல இடம். ஐந்தாவது பிடித்துத் திரும்பி, மட்டையைத் தாண்டிப் போனது. "ஆறாவது போடக்குள்ள அடுத்தவண்ட பேரக் கூப்பிட்டாங்க. அத யாரும் பாக்கல்ல."

"அந்த அஞ்சாவது எப்பிடித் திரும்பிச்சு?" என்று ஒருவன் கேட்டான். கூட்டாளி சீனிப் போத்தலை ஸ்டம்ப்பாக வைத்து, மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டத் தொடங்கினான். கடை நானா கூட டீவியை விட்டுவிட்டு வந்து பார்த்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பந்தை நாங்கள் பார்த்தோம்.

இப்போது குழுவில் ஒரு சட்டம் இருக்கிறது. ஜூனியர் அணியில் எவனையாவது 'தூக்கு' என்று எழுத விரும்புகிறவன், முதலில் அந்தப் பிள்ளையின் வயதை எழுத வேண்டும். பிறகு அவன் போட்ட பந்து ஒன்றையாவது விவரிக்க வேண்டும். சண்டை குறையவில்லை. முன்பைவிட நீளமாகத்தான் போகிறது. இடதுகைக் கூட்டாளிதான் இப்போது ஆகக் கூடுதலாக எழுதுகிறான்.