வீட்டுக் கணினியும் மாற்று முறைமையும்

1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோவால்ட்ஸ் லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமைக் கருவை வெளியிட்டபோது, அது வீட்டுப் பாவனையாளருக்கெனத் தோன்றிய ஒன்றன்று. கணினியை நன்கறிந்தோர் தம்மைப் போன்றோருக்காகவே அதனை வளர்த்தனர். 1996 இல் கேடீஈ திட்டமும் 1997 இல் குனோம் திட்டமும் தொடங்கியபின் சீரான முகப்புத் திரை அமையலாயிற்று. அழகு வந்தது, எளிமை வந்ததா என்பது வேறு வினா.

இடர்ப்பாடு திரைக்கு முன்னரே இருந்தது எனலாம். வின்டோஸைப் பயன்படுத்தும் குடும்பத்தினர் பெரும்பாலும் அதனைத் தாமே நிறுவியவரல்லர். கடையிலிருந்து வந்த பெட்டியினுள் அது முன்னரே குடியிருந்தது. லினக்ஸை நாடியவரோ முதல் நாளிலேயே வன்தட்டைப் பிரிவிட வேண்டியிருந்தது. பிழையான ஒரு விடை, பிள்ளைகளின் புகைப்படங்களையும் வீட்டுக் கணக்கையும் அழித்துவிடக்கூடும். அதனையும் கடந்தோருக்கு மோடம் காத்திருந்தது. அக்காலத்து மலிவான மோடங்கள் பல, தம் வேலையின் பெரும்பகுதியை வின்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்தவை. லினக்ஸில் அவை வாய் திறக்கவில்லை. பரிகாரம் இணையத்தில் இருந்தது. இணையத்தை அடைவதற்கோ மோடம் வேண்டும்!

ஜேர்மனியரான குளோஸ் குனொப்பர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட குனொப்பிக்ஸ் இவ்வச்சத்தின் வேரை அறிந்திருந்தது. அது இறுவட்டிலிருந்தே இயங்கியது, வன்தட்டைத் தீண்டவில்லை, வட்டை எடுத்தால் பழைய கணினி பழையபடியே இருந்தது. 2004 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு, கேட்டோருக்கெல்லாம் 2011 வரை இறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. மெதுவான இணைப்புடைய நாடுகளில் இதன் பெறுமதி எந்தப் படவுருவின் அழகிலும் பெரிது.

ஆயினும் உண்மையான பரீட்சை 2007 இல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பீசீ எனும் சிறு மடிக்கணினியுடன் வந்தது. லினக்ஸ் அதில் முன்னரே நிறுவப்பட்டிருந்தது. வேலை, கற்றல், விளையாட்டு என்னும் பெரிய தலைப்புகளே அதன் முகப்பு. மறு ஆண்டே மைக்ரோசொப்ட், ஓய்வளிக்கவிருந்த வின்டோஸ் எக்ஸ்பியை இத்தகைய மலிவுக் கணினிகளுக்கென நீடித்தது. சில ஆண்டுகளுள் அச்சந்தை வின்டோஸின் வசமாயிற்று. எளிமையின்மை ஒன்றே லினக்ஸைத் தடுத்தது என்போர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. பாதுகாப்புச் சில்லு முதலிய நிபந்தனைகளால் வின்டோஸ் 11 ஐ ஏற்கவியலாத, ஆயினும் நன்கு இயங்கும் கணினிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றை வாழவைக்கக்கூடிய லினக்ஸ் மின்ற் போன்ற முறைமைகளை இன்று ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அதற்கென முதலில் அழுத்தவேண்டிய விசையோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றது. வீட்டிலுள்ள முதியவர் தயங்கி நிற்பது அங்கேதான்.