டியூபின் கடைசிச் சொட்டு

எங்கள் வீட்டில் பேஸ்ட் டியூப் லேசில் குப்பைக்குப் போகாது. வீட்டம்மா கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வைத்து இன்னும் நாலு நாள் ஓட்டிவிடுவாள். பாப்பாவுக்கு அந்த நாலு நாளும் கொண்டாட்டம். பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுரண்டுவதற்காகவே பல் தேய்க்க ஓடி வருகிறாள். மற்ற நாளெல்லாம் கெஞ்ச வேண்டும்!

எங்கள் பக்கம் முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர் ஓயாது. "ஒண்ணே ஒண்ணு உருவிக் குடுப்பா" என்பாள் பாப்பா. ஓடுகிற வண்டியில் கை வைக்கிற வேலையே வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வருவேன்.

கை இறுக்கமான மாதத்திலும் நிறுத்தாதது பாப்பா பெயரில் கட்டும் தபால் ஆபீஸ் செல்வமகள் கணக்கு. 2015-இல் வந்த திட்டம். பத்து வயதுக்குள் பெண் குழந்தை பெயரில் தொடங்கலாம்; வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், 15 வருஷம் கட்ட வேண்டும். 21 வருஷத்தில் முதிர்வு. பதினெட்டு வயதானால் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம், எனக்குப் பிடித்த விதி அதுதான். "கல்யாணத்துக்கு ஆகும்டா" என்கிறார் அம்மா. நான் காதில் வாங்குவதில்லை.

அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று பாப்பாவிடம் கேட்டேன். டிராக்டர் வாங்கணுமாம்.