வேரடித் தோழர்கள்

"மண்ணாய்ப் போவாய்!" என்று நாம் சாபமிடுகிறோம். மண் உயிரற்றது, எல்லாவற்றுக்கும் முடிவு என்ற எண்ணம் அச்சொல்லில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் வளமான மண்ணில் ஒரு கிராமுக்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. வேரைச் சூழ்ந்த அச்சிறு உலகுக்கு ஜேர்மனிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ற்னர் 1904இல் தனிப்பெயரே சூட்டினார். வேர்மண்டலம் என்று நாம் அதனைச் சொல்லலாம்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இவ்வுண்மையின் பெறுமதியை உணர்த்தியவர் அயல் வளவுக் கமக்காரர் ஒருவர். நகையை ஈடுவைத்துத் தக்காளி நட்டவர் அவர். காய் பிடிக்கும் பருவத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. தண்டொன்றை வெட்டித் தெளிந்த நீரில் பிடித்தோம். பால்போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி வழிந்தது. அமெரிக்கரான எர்வின் சிமித் 1896இல் விவரித்த வாடல் நோய்ப் பற்றீரியாவின் அடையாளம் அது. தண்டின் குழாய்களுக்குள் குடிபுகுந்த கிருமியை வெளியே தெளிக்கும் மருந்து எவ்வாறு அணுகும்? வாங்கித் தெளித்தவையெல்லாம் கடனைத்தான் பெருக்கின.

கிருமிக்குக் கிருமியே பகை. பசிலஸ் சப்ரிலிஸ், சூடோமோனஸ் புளோரெசென்ஸ் போன்றவை வேர் கசியும் சத்தை உண்டு, நோய்க்கிருமிக்கு இடம் விடாமல் வேரிற் குடியேறுகின்றன. சில, எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. சில, இரும்புச் சத்தைக் கவர்ந்து பகைவனைப் பட்டினி போடுகின்றன. செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகின்றன. நாற்றின் வேரை இவற்றின் கரைசலில் தோய்த்து நடலாம். மக்கிய எருவிற் கலந்தும் இடலாம். இது மந்திரமன்று. நோய் வருமுன்னரே இடவேண்டும். பயிர்ச் சுழற்சி, நல்ல வடிகால், நோய் தாங்கும் இனம் ஆகியவற்றோடு சேர்ந்தே பயன் தரும்.

மண்ணின் உயிரை வளர்ப்பது ஆண்டுக்கணக்கான வேலை. 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி ஓர் ஆணையால் நிறுத்தப்பட்டபோது, அவ்வேலையை ஒரே இரவில் முடிக்குமாறு கமக்காரரிடம் கேட்கப்பட்டது. நவம்பரில் ஆணை கைவிடப்பட்டது. நட்டம் மட்டும் அவர்களுடன் தங்கிவிட்டது. விஞ்ஞானம் தோற்கவில்லை, மக்களைக் கேளாமல் மேலிருந்து இறக்கிய கட்டளையே தோற்றது.

இவ்வறிவு போத்தலில் அடைத்த சரக்காக மட்டும் கிராமத்துக்கு வருமானால், நஞ்சு விற்ற கடைக்கே மீண்டும் கடன்படுவோம். கமக்காரர் சங்கமும் பாடசாலை ஆய்வுகூடமும் கைகோத்தால் நிலை வேறாகும். நன்மை செய்யும் பற்றீரியாக்கள் யாவை என்று பரீட்சைத் தாளில் புள்ளிக்காகக் கேட்கிறோம். அதன் விடை பாடசாலை வேலியைத் தாண்டித் தோட்டத்தைச் சென்றடையும் வரை நம் பாடம் முடிந்ததாகாது.