கலயமும் ஆலையும்

பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர்ச் சாலையில் கோடையில் போகிறவர் கண்ணில் இரண்டு பானங்கள் படும். ஒன்று, குத்தம்பாக்கத்திலும் அரண்வாயலிலும் உள்ள யுனைடெட் புரூவரிஸ் ஆலைகளிலிருந்து லாரி லாரியாகப் போகும் பீர். மற்றொன்று, சாலையோர நிழலில் குடத்தை வைத்துக்கொண்டு விற்கும் பதநீர். பக்கத்தில் குவியலாக நுங்கு. முதலாவது ஆண்டு முழுவதும் ஒரே சுவையில் கிடைக்கும். இரண்டாவது, பாளை விடும் காலம் வந்தால்தான் வரும். ஆடி கழிந்தால் அநேகமாகத் தேடவேண்டியதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த இரண்டு தொழில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பருவத்தையும் ஊரையும் கைத்திறனையும் நம்பிய மதுவை உலகம் தேடிப்போகும் காலத்தில், நம்மிடம் மிஞ்சியிருக்கும் அத்தகைய தொழிலான கள் இறக்குவதை நம் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. இதில் நட்டம் குடிக்கிறவருக்கு அல்ல, பனையேறிக்கு.

கிராஃப்ட் பீர் என்பது இந்தியாவில் அண்மைக்கால மோகம். புனேயில் டூலாலி என்ற சிறு மதுவகம் 2009இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரு அந்தத் தொழிலின் தலைநகரமாகிவிட்டது. மாம்பழக் காலத்தில் மாம்பழ பீர், குளிர்காலத்தில் கருநிறப் பீர் என்று பருவத்துக்கு ஒன்றாகக் காய்ச்சி, அங்கேயே புத்தம் புதிதாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது வேர்பிடிக்கவில்லை. ருசி பார்க்க விரும்பும் சென்னைக்காரர் ரயிலேறுகிறார். ஆனால் தானியத்தை முளைகட்டிக் காய்ச்சும் அறிவு இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் வீட்டில் அரிசிக் கூழை ஆறவைத்து, நெல் முளை கலந்து, இரண்டு இரவும் இரண்டு பகலும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த மதுவைச் செய்முறையோடு சொல்கிறது. பூந்தமல்லி அதே தொண்டை மண்டலத்து ஊர். அந்த அரிசி மது வழக்கொழிந்துவிட்டது. பனை மட்டும் ஏரிக்கரைகளில் இன்னும் நிற்கிறது.

பனையில் இறக்குவது என்பது மரமேறத் தெரிந்தால் போதும் என்ற வேலை அல்ல. பாளை விரியும் முன்பே அதைக் கட்டி, கடிப்பு என்ற இடுக்கியால் நாள்தோறும் பதமாக நசுக்கி இளக்க வேண்டும். ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறொரு கடிப்பு. அழுத்தம் மிஞ்சினால் பாளை கருகும், குறைந்தால் சுரக்காது. சுரக்கத் தொடங்கியதும் நுனியைப் பாளை அரிவாளால் தாள் கனத்துக்குச் சீவிக் கலயம் கட்டவேண்டும். காலையில் ஏறி இறக்க வேண்டும், மாலையில் மறுபடியும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து, பல நாள் உழைப்பு வீணாகும். ஆகவே பருவம் முடியும்வரை பனையேறிக்குக் கல்யாணமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஐம்பது, அறுபது அடி மரத்தில் காலில் தளைநாரும் இடுப்பில் பெட்டியுமாக ஏறுகிறவருக்குப் பாதுகாப்பு என்பது தன் பிடிமானம் மட்டுமே. புறநகரில் பதநீர் விற்பவர்களில் விழுப்புரம், தென்மாவட்டப் பக்கங்களிலிருந்து பருவத்துக்கு வருகிறவர்களும் உண்டு.

இத்தனை உழைப்புக்குப் பிறகு, கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்புதான் அவர் தொழிலாளியா குற்றவாளியா என்பதைத் தீர்மானிக்கிறது. பனஞ்சாற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை உண்டு. சுண்ணாம்பு தடவினால் அதன் காரத்தன்மை நொதிகளை அடக்கிவைக்கும், அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சர்க்கரையைச் சில மணி நேரத்தில் ஆல்கஹாலாக மாற்றிவிடும், அது கள். யாரும் எதையும் காய்ச்சவில்லை, சேர்க்கவில்லை. மறுநாள் விட்டுவைத்தால் புளித்துக் காடியாகிவிடும். புதுமை, உள்ளூர் நுண்ணுயிர், இயற்கை நொதிப்பு என்று கிராஃப்ட் பீர்க்காரர்கள் விலை வைத்து விற்கும் குணங்கள் எல்லாம் இங்கே விலையில்லாமல் நடக்கின்றன. கள்ளின் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம், ஏறத்தாழ சாதாரண பீரின் அளவு. கடையில் விற்கும் பிராந்தியும் விஸ்கியும் 42.8 சதவீதம்.

சட்டம் இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், கொள்கையைவிடக் கணக்கே அதிகம் தெரிகிறது. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அது எல்லா மதுவுக்குமான தடை. 1971இல் அது தளர்ந்தது, 1974இல் இறுகியது, 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் மீண்டும் திறந்தன. 1983இல் அரசின் மது வாணிபக் கழகமான டாஸ்மாக் உருவாயிற்று. 1987 ஜனவரி 1 முதல் கள் தடைசெய்யப்பட்டது. ஆலை மது தொடர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. மதுவைத் தடுக்க முயல்வது அரசின் கடமை என்று அரசமைப்பின் 47ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமை பனையேறியிடம் மட்டும் நிறைவேற்றப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு, கலப்படம். ஒவ்வொரு கலயத்தையும் சோதிக்க முடியாது. ஆலையில் ஓர் அதிகாரி உட்கார்ந்தால் போதும் என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கள் சட்டப்படி விற்கும் கேரளத்திலேயே, 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் தடை நம்மைக் காப்பாற்றியதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் பலிவாங்கியது. கொன்றது இரண்டு இடத்திலும் மெத்தனால். அது பாளையில் சுரப்பதல்ல. கேரளத்தின் உண்மையான பாடம் தூரத்தைப் பற்றியது. பாலக்காட்டுச் சித்தூரில் இறக்கியது லாரியில் பல மாவட்டம் தாண்டும்போதுதான், இறக்கியது எவ்வளவு விற்றது எவ்வளவு என்ற கணக்கில் ஓட்டை விழுகிறது. மரத்தடியிலேயே அன்றைக்கே விற்றால் கலக்கவும் இடமில்லை, ஏய்க்கவும் வழியில்லை. யாழ்ப்பாணத்தில் 1970களிலிருந்து சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவே கள் விற்பனை நடக்கிறது. யார் இறக்கியது என்பது சங்கத்துக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: குடி குடும்பத்தைக் கெடுக்கும், அதில் கள் என்ன, பீர் என்ன? குத்தம்பாக்கமே இதற்குச் சாட்சி. 1996இல் ரங்கசாமி இளங்கோ ஊராட்சித் தலைவராக வந்தபோது கள்ளச்சாராயம் காய்ச்சுவது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பாக இருந்தது. அதன் அடி பெண்கள் மேல் விழுந்தது. கள் உணவு, மருந்து என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்; ஆல்கஹால் எந்தக் கலயத்தில் இருந்தாலும் ஆல்கஹால்தான். அரசு எல்லா மதுவையும் மூடினால் கள்ளையும் மூடட்டும், எனக்கு வாதமில்லை. ஆனால் அந்த ஊரின் அனுபவம் சொல்வது வேறொன்றும் உண்டு. வேறு வேலையும் வீடும் கூடவே வந்தபோதுதான் அங்கே சாராய அடுப்புகள் அணையத் தொடங்கின. 42.8 சதவீத மதுவை அரசே விற்றுக்கொண்டு, 5 சதவீத மதுவை இறக்கியவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதை ஒழுக்கத்தின் பேரால் நியாயப்படுத்த முடியாது.

பதநீர் விற்றுப் பிழைக்கட்டுமே, கருப்பட்டி காய்ச்சட்டுமே என்பது மூன்றாவது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மத்திய பனைவெல்ல நிறுவனம் அம்பத்தூருக்குப் பக்கத்து மாதவரத்திலேயே இருக்கிறது, அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் பதநீர் வெயிலேறினால் கெடும். மதியத்துக்குள் விற்காததைக் கருப்பட்டியாக்க விறகும் நேரமும் வேண்டும். சீனிப்பாகு கலந்த மலிவான போலிக் கருப்பட்டியோடு சந்தையில் மோதவேண்டும். காலையில் பதநீர், மிஞ்சியது கள், அதிலும் மிஞ்சியது காடி என்று மூன்றுக்கும் வழியிருந்தால்தான் மரமேறுகிறவருக்குக் கட்டுப்படியாகும். நடுப்படியை எடுத்துவிட்டோம்; பிறகு ஏற ஆளில்லை என்று வருந்துகிறோம். 2021இல் அரசு பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது, லட்சக்கணக்கில் விதை நடவும் திட்டமிட்டது. நல்லதுதான். ஆனால் வருமானம் தராத மரத்தை மனைப்பிரிவிலிருந்து ஆணை மட்டும் எத்தனை நாள் காக்கும்?

நான் கேட்பது கள்ளுக்கடைகள் அல்ல. மரத்துக்கு உரிமம், மரத்தில் எண், ஏறுகிறவருக்கு அடையாள அட்டை, விபத்துக் காப்பீடு. இறக்கிய ஊராட்சிக்குள்ளேயே, அன்றைய பொழுதுக்குள், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் மட்டும் விற்பனை. வெளியூருக்கு லாரி ஏறினால் உரிமம் ரத்து. கேரளம் 1969இலேயே கள் தொழிலாளர் நலநிதிக்குச் சட்டம் இயற்றியது. முன்மாதிரிக்கு வெகுதூரம் போகவேண்டாம். பனை மிஞ்சியிருக்கும் ஓர் ஒன்றியத்தில், ஒரே ஒரு பருவத்துக்கு, இதைச் சோதித்துப் பார்க்கலாம். கலப்படமோ குடியோ பெருகினால் நிறுத்திவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலான தடை இப்படி ஒருமுறைகூடக் கணக்குக் கேட்கப்படாமல் தொடர்வதுதான் எந்த வாதத்துக்கும் நிற்காதது.