சிகரத்துக்காரி

எகிப்தியக் கடவுள்களைப் பற்றிய கையேடு எதைப் பிரித்தாலும், மரணப் பிரிவின் முன்வரிசையில் பெரிய புள்ளிகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். தீர்ப்புச் சொல்ல ஒசைரிஸ், தராசைப் பார்த்துக்கொள்ள அனுபிஸ், கணக்கெழுதத் தோத். சினிமாவிலும் வீடியோ கேமிலும் வந்து வந்து இவர்கள் முகம் எனக்குச் சலித்துவிட்டது. நான் இந்த மாதிரிப் புத்தகங்களைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிற ஆள். அரை வரி மட்டுமே கிடைத்த தெய்வங்கள் அந்தப் பக்கம்தான் ஒண்டியிருக்கும். மெரெட்செகர் அப்படி அகப்பட்டவள். நாக உருவம், கல்லறைகளுக்குக் காவல், மௌனத்தை விரும்புகிறவள் என்று பெயர். இதோடு புத்தகம் அவளை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. எனக்குத்தான் போக மனம் வரவில்லை.

முதலில் பிடித்துப்போனது அவளுடைய முகவரி. ஒசைரிஸுக்கு எகிப்து முழுக்க வழிபாடு. மெரெட்செகருக்கு ஒரே ஒரு மலை. லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அல்-குர்ன் என்று இன்று வழங்கும் சிகரம். யாரும் கட்டாமலே பிரமிடு போல நிற்கிறது. அதன் அடியில்தான் அரசர்களின் பள்ளத்தாக்கு. துட்டன்காமுனும் சேத்தியும் ராம்சேஸ்களும் புதைக்கப்பட்ட இடம். அவள் அந்தச் சிகரத்தில் குடியிருப்பவள் என்றுகூடச் சொல்ல முடியாது, சிகரமே அவள்தான். பக்தர்கள் நட்ட கற்களிலும் மேற்கின் சிகரம் என்றே அவளைக் கூப்பிடுகிறார்கள். ஆற்றைத் தாண்டிவிட்டால் அவள் பேச்சு அநேகமாகக் கிடையாது.

அவளைக் கும்பிட்டது அரசர்களுக்குக் கல்லறை குடைந்த ஜனங்கள். மலையின் இந்தப் பக்கம் டெய்ர் எல்-மதீனா என்ற ஊரில் அவர்கள் பரம்பரையாக இருந்தார்கள். கல் உடைப்பவர், சாந்து பூசுபவர், கோடு போடுபவர், வண்ணம் தீட்டுபவர் எல்லாரும் ஒரே தெரு. அவர்களுக்குப் பத்து நாள் ஒரு வாரம். வேலை நாட்களில் மலை முகட்டில் இருந்த கற்குடிசைகளிலேயே படுத்துக்கொண்டு, ஓய்வுநாளுக்கு வீடு திரும்புவார்கள். பகலெல்லாம் அவர்கள் வரைந்தது மறுமை: இரவின் பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் சூரியன் போகும் படகு, வாயிலுக்கு வாயில் நெருப்பு உமிழும் நாகங்கள். சாயங்காலம் குடிசைக்கு ஏறும்போது பாறை இடுக்கில் நெளிந்தவை நிஜப் பாம்புகள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டில், வேலைக்கு வராதவர்களைக் குறித்துவைத்த பதிவேடு. தேதி கறுப்பு மையில். மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, ஒருவனுக்குக் கண்நோவு. ஒருவன் பீர் காய்ச்சப் போயிருக்கிறான். ஒருவன் செத்துப்போன தாயின் உடலைத் துணி சுற்றப் போயிருக்கிறான். சேபா என்பவனைத் தேள் கொட்டியிருக்கிறது. விஷக்கடிக்கு மந்திரிப்பதற்கென்றே குழுவில் ஓர் ஆள் இருந்தான். அதற்காக அவனுக்குத் தனியாகத் தானியம் அளந்தார்கள். இந்த ஊரில் ஒரு மலை பாம்பாக மாறிக் கும்பிடு வாங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதே குழுவில் நெஃபெராபு என்று ஒருவர். அவர் மெரெட்செகருக்கு நட்ட கல் இத்தாலியில் டூரின் நகரத்து எகிப்திய மியூசியத்தில் இருக்கிறது. நேர்த்திக்கடன் கற்கள் பொதுவாக வழவழவென்று புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். நெஃபெராபு தன்னைத் திட்டிக்கொண்டு ஆரம்பிக்கிறார். தனக்குப் புத்தியில்லை, நல்லது கெட்டது தெரியவில்லை, சிகரத்துக்கு எதிராக ஒரு தப்புச் செய்துவிட்டேன் என்கிறார். என்ன தப்பு என்பதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அவள் தண்டித்தாளாம். இராப்பகலாக அவள் பிடியில் கிடந்தாராம். பிள்ளை பெறப்போகும் பெண்ணைப் போலச் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தாராம். காற்றைக் கூப்பிட்டாராம், காற்று வரவில்லையாம்.

இதை வெறும் உருவகமாகப் படிக்கலாம். மனக்கஷ்டம், பாவ உணர்ச்சி, தெய்வத்தின் பாராமுகம் என்றெல்லாம் விரித்துக்கொண்டே போகலாம். சின்ன வயதில் இளைப்பு வந்தவர்கள் அப்படிப் படிக்க மாட்டார்கள். அந்த உட்காருதலை எனக்குத் தெரியும்.

பனிக்காலத்தில் நடுநிசி தாண்டித்தான் அது வரும். படுத்தால் நெஞ்சுமேல் யாரோ ஏறி உட்கார்ந்தது மாதிரி இருக்கும். எழுந்து குந்தி, முழங்கால்களில் கையை ஊன்றி, தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு முன்னால் சாய வேண்டும். அந்த ஒரு கோணத்தில்தான் கொஞ்சம் உள்ளே போகும். போனது வெளியே வராது. தொண்டைக்குள் விசில். பாட்டி முதுகைத் தடவியபடி ஜன்னலைத் திறந்துவிடுவாள். வெளியே தென்னை ஓலை அசைவது தெரியும். காற்று இருக்கிறது, எனக்குத்தான் இல்லை. அந்த நேரத்துக் கோபத்தை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மரத்தின்மேல் வரும் கோபம் அது. ஆடாதோடைக் கஷாயத்துக்கு அடங்காத ராத்திரிகளில் பாட்டி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பாள். எங்கள் ஊரில் ராஜகோபுரம் வைத்த பெரிய கோயில் ஒன்று உண்டு. அவள் முடிந்தது அதற்கு இல்லை. குளத்துமேட்டில் கூரைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்த அம்மனுக்கு. ஏன் என்று கேட்டதற்கு, “இவதான்டா பக்கத்துல இருக்கா” என்றாள். விடியற்காலையில் மூச்சு தானாகத் திரும்பும். திரும்புகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அது எவ்வளவு ருசி என்று மூச்சு போகாதவர்களுக்குத் தெரியாது.

நெஃபெராபுவுக்கும் திரும்பியிருக்கிறது. ஏமாறாதீர்கள், சிகரத்துக்குள் சிங்கம் இருக்கிறது, அவள் அடித்தால் அந்த அடிதான் என்று குழுவில் உள்ள சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் எச்சரிக்கை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறார். அவளையே கூப்பிட்டாராம். இனிய காற்றாக வந்தாளாம். பட்ட நோவையே மறக்கடித்துவிட்டாளாம். தண்டனை காற்று நின்றுபோனது. மன்னிப்பு காற்று வந்தது. உருவகம் என்றால் இவ்வளவு கச்சிதமாக மூச்சுக்குழாய்க்குள் போய் உட்காருமா? மலையின் சுண்ணாம்புக்கல்லில் ஊடே ஊடே தீக்கல் கட்டிகள் உண்டு. காற்றோட்டமில்லாத சுரங்கத்தில், எண்ணெய்த் திரி வெளிச்சத்தில், செம்பு உளியால் அதைக் கொத்தியவர்கள் வாழ்நாள் முழுக்கக் கல்தூசியைத்தான் சுவாசித்தார்கள். எகிப்தில் பதப்படுத்தப்பட்ட சில உடல்களின் நுரையீரலில் தூசி படிந்து இறுகியிருந்ததை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நெஃபெராபுவின் பாவம் எதுவாகவும் இருக்கட்டும், நோய் தொழிலிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் செங்கல்லையும் லேசில் விட முடியவில்லை. எகிப்தியப் பெண்கள் செங்கற்கள்மேல் கால் ஊன்றிக் குந்தித்தான் பிள்ளை பெற்றார்கள். 2001-இல் தெற்கு அபிடோஸில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அப்படி ஒரு செங்கல்லைத் தோண்டி எடுத்தார்கள். சுமார் 3,700 வருடம் பழையது; குழந்தையைக் கையில் ஏந்திய தாயின் படம் அதில் வண்ணத்தில் இருக்கிறது. இந்தச் செங்கல்லுக்கே ஒரு தெய்வம் உண்டு, மெஸ்கெனெட் என்று பெயர். செங்கல் உடம்பில் பெண் தலை. இதைவிடச் சிக்கனமாக ஒரு சாமியைச் செய்ய முடியாது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரசவ அறைக்காரி செத்தவர்களின் விசாரணைக்கும் வந்து நிற்கிறாள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அனியின் பாபிரஸில், இதயத்தை எடைபோடும் தராசின் பக்கத்தில் அவளைக் காணலாம். பிறந்தபோது கூட இருந்தவள் என்ற முறையில் சாட்சிக்கு அழைத்திருப்பார்கள். கல்லறையின் நான்கு சுவர்களிலும் மந்திரம் எழுதிய நான்கு செங்கல் வைக்கும் வழக்கமும் இருந்தது. துட்டன்காமுன் கல்லறையிலும் வைத்திருக்கிறார்கள். அவை பிரசவச் செங்கற்களின் மறுவரவு என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பிறப்பதற்கும் செத்தபின் மறுபடி பிறப்பதற்கும் ஒரே கட்டுமானப் பொருள். நடுவில், மூச்சு கிடைக்காத ராத்திரியில், நெஃபெராபு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

மெரெட்செகருக்கு மரணத் தெய்வம் என்று கையேடுகள் போடும் முத்திரை எனக்கு உறுத்துவது இங்கேதான். அந்த ஊர்க்காரர்கள் மறுமையை மறந்தவர்கள் அல்லர். அரசன் கல்லறையில் கற்ற வித்தையை வைத்துத் தங்களுக்கும் சின்னச் சின்னதாக, அழகாக வரைந்துகொண்டார்கள். நெஃபெராபுவின் கல்லறையும் அங்கே இருக்கிறது, இன்றைய கணக்கில் தீப்ஸ் கல்லறை எண் 5. ஆனால் அந்த விவகாரமெல்லாம் ஒசைரிஸின் இலாகா. சாவோடு அன்றாடம் புழங்கியவர்கள், சாவின் காவல்காரியிடம் போய் நின்று கேட்டது சொர்க்கத்தை இல்லை. கண் தெரிய வேண்டும், பாம்பு தீண்டக் கூடாது, மூச்சு வர வேண்டும்.

வேலை இருந்தவரை அவளுக்கும் வாழ்வு இருந்தது. பள்ளத்தாக்கில் கடைசியாகக் கல்லறை வெட்டியது பதினொன்றாம் ராம்சேஸுக்கு. அவரையும் அதில் புதைக்கவில்லை. கி.மு. 1070 வாக்கில் அந்த வம்சம் முடிந்தது. கொள்ளையர் பயத்தில் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வீடுகளைக் காலிசெய்துவிட்டு, மெதினெத் ஹாபு கோயில் மதிலுக்குள் குடியேறியிருந்தார்கள். பக்தர்களுக்குத் தொழில் போனதும் சிகரத்துக்காரியின் வழிபாடும் மெல்ல நின்றுபோனது. படையெடுப்பும் மதமாற்றமும் வந்து முடித்துவைத்த தெய்வங்கள் உலகத்தில் நிறைய. ஆள்குறைப்பில் போனவள் இவள்.

இதற்கு நேர் எதிரான ஜாதகமும் உண்டு. மெட்ஜெட் என்று ஒருவர். இறந்தோர் நூலின் 17-ஆம் மந்திரத்தில், கண்ணிலிருந்து எய்கிறவர், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாதவர் என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு. 37 மீட்டர் நீளமுள்ள க்ரீன்ஃபீல்ட் பாபிரஸில் அவருக்குப் படமும் போட்டார்கள்: தலையிலிருந்து கணுக்கால்வரை ஒரே போர்வை, இரண்டு கண், இரண்டு பாதம். கோயிலோ நேர்த்திக்கடனோ எதுவும் இல்லை. 2012-இல் அந்தச் சுருள் கண்காட்சிக்கு ஜப்பான் போனது. இளைஞர்கள் படத்தைப் பார்த்துச் சொக்கிவிட்டார்கள். பொம்மை, சாவிக்கொத்து, கார்ட்டூன் என்று மனிதர் இப்போது ஓகோவென்று இருக்கிறார். எனக்கும் அவரைப் பிடிக்கிறது, யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் அவருக்காக ஒருவரும் செங்கல்மேல் உட்கார்ந்ததில்லை. முதுமையின் முணுமுணுப்பு என்று இதைத் தள்ளிவிடலாம்.

நெஃபெராபு இன்னொரு கல்லும் நட்டிருக்கிறார். இவருக்குச் சாமிகளோடு ராசியே இல்லை போலிருக்கிறது. இது ப்தாவுக்கு, மெம்பிஸ் நகரத்துப் பெரிய கடவுள், கைவினைஞர்கள் எல்லாருக்கும் தலைவர். அவர் பெயரால் பொய்ச்சத்தியம் செய்ததாகவும், அதனால் பகலிலேயே இருட்டைப் பார்க்கும்படி ஆனதாகவும் ஒப்புக்கொள்கிறார். கடவுள் கேட்க வேண்டுமென்று காதுகளும், பார்க்க வேண்டுமென்று கண்களும் கல்லில் செதுக்கியிருக்கிறார். ப்தா செய்தது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, கருணையோடு பார்க்கும்படி கேட்பதோடு அந்தக் கல் முடிந்துவிடுகிறது. பார்வை திரும்பியதாக அதில் ஒரு சொல் இல்லை. சுமார் 3,200 வருடமாக அந்த மனு பரிசீலனையில் இருக்கிறது. தீர்ந்துபோன வழக்குக்கு ரசீது கொடுத்திருப்பவள், வாசலில் நின்று அண்ணாந்தால் தெரிகிற சிகரத்துக்காரி.