ஹவானாவின் கிழட்டுக் கார்கள்

ஹவானா நகரின் மலேக்கோன் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள், நேயர்களே! 1950களின் செவர்லே, பியூக் கார்கள் மணப்பெண்போல் மினுக்கிக்கொண்டு போகும். மூடியைத் திறந்தாலோ கதை வேறு! 1962 பிப்ரவரியில் அமெரிக்கா முழு வாணிபத் தடை விதித்ததிலிருந்து அசல் உதிரிப்பாகம் குதிரைக்கொம்புதான். ஆகவே பல கார்களுக்குள் உறுமுவது ரஷ்ய இஞ்சின், இல்லையேல் ஏதோவொரு டீசல் இஞ்சின். கிடைக்காத சாமானைப் பட்டறைக்காரரே கடைந்து செய்துவிடுகிறார். கெட்டிக்காரர்கள்!

அவர்களையும் திணறடிப்பது கடல். அலை சுவரைத் தாண்டி அடிக்க, உப்பு அடித்தகட்டை அரிக்கிறது. தகரம் வெட்டி, ஒட்டு வைத்து, மறுபடியும் சாயம். ‘அல்மென்ட்ரோன்’, அதாவது பெரிய வாதுமைக்கொட்டை, என்று செல்லப்பெயர் பெற்ற இவற்றில் பல, ஆள் சேர்த்து ஓடும் வாடகைக் கார்கள். பட்டறையில் ஒரு நாள் நின்றால், வீட்டில் அன்றைய வருமானம் இல்லை.