ஒரு லைக்... ஒரு வழக்கு... பத்து லட்சம் மெயில்!

கேன்டீன் டீக்கு ரெண்டு ரூபா ஏத்தினாகூட, 'நாம நாலு பேர் கேட்டு என்ன ஆகப்போகுது, விடு மச்சி'னு நகர்ற ஆளா நீங்க? அப்போ இந்த ரெண்டு கதையும் உங்களுக்குத்தான். ஒண்ணுல எதிர்ல நின்னது அரசாங்கம் போட்ட சட்டம். இன்னொண்ணுல உலகத்தோட பெரிய கம்பெனிகளில் ஒண்ணு. ரெண்டுலயும் ஜெயிச்சது நம்மளை மாதிரி சாதாரண ஆளுங்க!

முதல் கதை, 2012 நவம்பர். பால் தாக்கரே இறந்தப்போ மும்பையே கடையடைப்பில் முடங்கிக்கிடந்தது. பக்கத்துல பால்கர்ங்கிற ஊர்ல ஒரு பொண்ணு, 'எதுக்கு இந்த பந்த்?'ங்கிற தொனியில ஃபேஸ்புக்ல எழுதினாங்க. தோழி ஒரு லைக் போட்டாங்க. அவ்வளவுதான்... ரெண்டு பேரும் கைது! அதுக்கு முந்தின மாசம் நம்ம புதுச்சேரியில், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருத்தரோட மகனைப் பத்தி ட்விட்டரில் எழுதின தொழிலதிபரையும் பிடிச்சாங்க. அவருக்கு அப்போ ஃபாலோயர்ஸ் பதினாறே பேர்னு எழுதின பத்திரிகைகள்.

ரெண்டு இடத்துலயும் வந்து நின்னது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். 'எரிச்சல்', 'அசௌகரியம்'னு அதுல சில வார்த்தைகள். யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல்? விளக்கமே கிடையாது!

பால்கர் செய்தியைப் படிச்ச ஸ்ரேயா சிங்கால்ங்கிற டெல்லிப் பொண்ணு, நேரா சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 21. 'வீட்டுல வக்கீல் இருந்தா யார் வேணா கேஸ் போடலாம்'னு என் ரூம்மேட் உதட்டைப் பிதுக்கினான். வாஸ்தவம்தான், அவங்க அம்மா வக்கீல், பாட்டி நீதிபதியா இருந்தவங்க. ஆனா, அன்னிக்கு அந்தச் செய்தியைப் படிச்ச வக்கீல் வீட்டுப் பிள்ளைங்க எத்தனை ஆயிரம் பேரோ! 2015 மார்ச் 24 அன்று, 66ஏ அரசியல் சாசனத்துக்கே விரோதம்னு சொல்லி மொத்தமா ரத்து பண்ணிடுச்சு சுப்ரீம் கோர்ட்.

அதே வாரம் ரெண்டாவது கதை ஆரம்பம். 'டிராய்'ங்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நூறு பக்கத்துக்கு மேல ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டுச்சு. உள்ளே 20 கேள்வி. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி ஆப்களுக்குத் தனியா கட்டுப்பாடு வேணுமாங்கிறதுதான் சாரம். சில தன்னார்வலர்கள் அதை வரி வரியா படிச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாரிச்சு, 'இப்படி அனுப்புங்க'னு வழி காட்டினாங்க. போய்ச் சேர்ந்தது பத்து லட்சத்துக்கும் மேல மெயில்!

அந்த வருஷக் கடைசியில வந்தது ஃபேஸ்புக்கோட 'ஃப்ரீ பேசிக்ஸ்'. சில தளங்கள் மட்டும் டேட்டா செலவே இல்லாம இலவசம். நல்லதுதானே? நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்சிருப்பீங்க... பாக்கெட் யாருடையதா இருந்தாலும் ரூட்டர் முடிஞ்சவரை ஒரே மாதிரி தள்ளிவிடணும். நாளைக்கு உங்க கிளாஸ்ல நாலு பேர் சேர்ந்து ஒரு ஆப் பண்றீங்கன்னு வைங்க. பக்கத்துல பெரிய கம்பெனி ஆப் இலவசம், உங்களுடையதுக்கு மட்டும் டேட்டா காசு. யார் உங்க பக்கம் வருவா?

ஃபேஸ்புக் முழுப் பக்க விளம்பரமா கொட்டுச்சு. ஒரே க்ளிக்ல லட்சக்கணக்கான பேர் பேர்ல ஆதரவு மெயிலும் போச்சு. ஆனா, 'நாங்க கேட்ட கேள்விக்கு இதுல பதிலே இல்லையே'ன்னுடுச்சு டிராய். அந்தப் பத்து லட்சமும் ரெடிமேட் மெயில்தான், ஒத்துக்கறேன். ஆனா, அதுல கேட்ட கேள்விக்குப் பதில் இருந்துச்சு! 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் டேட்டா கட்டணத்தில் பாரபட்சம் கூடாதுன்னு டிராய் உத்தரவு. மூணே நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் மூட்டை கட்டிடுச்சு.

இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம்னு நினைக்கிறீங்களா? போன செமஸ்டர் எங்க மெஸ் சாம்பார் போட்டோ இன்ஸ்டாவில் சுத்தினதும் ஒரு சர்க்குலர் வந்துச்சு. 'கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் பதிவுகள் இட்டால் கடும் நடவடிக்கை.' (காலேஜ் பேர் வேணாமே... இன்னும் மூணு செமஸ்டர் பாக்கி இருக்கு!) 66ஏ-வைப் படிச்ச கண்ணுக்கு 'களங்கம்'தான் முதல்ல உறுத்திச்சு. சாம்பார்ல பூச்சி கிடந்தா, களங்கம் பூச்சியா, போட்டோவா?

ஸ்டேட்டஸ் போடாம, முப்பத்தெட்டு பேர் கையெழுத்தோட வார்டனுக்கு ஒரு பக்க லெட்டர். மூணே கேள்வி. எது களங்கம்? அதை யார் முடிவு பண்ணுவாங்க? மெஸ் புகாரை எங்கே எழுதணும்? 'இன்டர்னல் மார்க் ஞாபகம் இருக்காப்பா?'ன்னார் வார்டன் சார். ரெண்டு பேர் தங்கள் கையெழுத்தை அடிச்சுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் படிக்கவைக்கிற வீடுங்க. பத்து நாள்ல மெஸ் வாசல்ல புகார் நோட்டு தொங்குச்சு. முதல் ரெண்டு கேள்விக்கு இன்னும் பதில் வரலை. அதனால, ரெண்டாவது லெட்டர் ரெடி!

ஜெயிச்சாச்சுன்னு படுத்துத் தூங்கவும் முடியாது பாஸ். ரத்தான பிறகும் போலீஸ் 66ஏ-வில் வழக்குப் போட்டுட்டுதான் இருந்துச்சு. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே அதிர்ச்சி தெரிவிச்சு, 2022 அக்டோபரில் 'இனி யார் மேலயும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது'ன்னு மறுபடி உத்தரவு போடவேண்டி வந்துச்சு.

டிராய் இப்பவும் அறிக்கை விட்டுக் கருத்து கேட்குது. சட்ட, விதி வரைவுகளுக்கும் அரசு அப்பப்போ கருத்து கேட்கும். எல்லாத்துலயும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அடுத்த தடவை கண்ணுல பட்டா, முதல்ல முழுசா படிங்க. உறுத்துற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு போடுங்க. ஏன் உறுத்துதுன்னு சொந்த வார்த்தையில் பத்து வரி எழுதி, தேதி முடியறதுக்குள்ள அனுப்புங்க.

ஃபார்வர்டு அப்புறம் பண்ணிக்கலாம்!